வைவாவில் சொன்ன 'வாட்டெவர்': அமெரிக்க ஸ்கூல் படங்களும் நம் இங்கிலீஷும்

போன கட்டுரை கல்லணையைப் பற்றி, இந்தக் கட்டுரை அமெரிக்க ஸ்கூல் பசங்க படங்களைப் பற்றி. என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கத்தில் எதற்கும் எதற்கும் சம்பந்தம் இருந்ததில்லை :-)

ஆனால் இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் வருடம் லேப் வைவா. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிவிட்டு, "இந்த ரெண்டு எக்ஸ்பெரிமெண்ட்டில் எதிலிருந்து கேள்வி கேட்கட்டும்?" என்று இங்கிலீஷில் கேட்டார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "எதுவானாலும் பரவாயில்லை சார்" என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது: "வாட்டெவர், சார்." அதுவும் தோளை லேசாகக் குலுக்கிக்கொண்டு!

அவர் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதற்கப்புறம் அவர் சிரிக்கவே இல்லை. கேள்விகள் சிலபஸைத் தாண்டிப் போயின. வெளியே வந்த பிறகுதான் பக்கத்து பெஞ்ச் தோழி விளக்கினாள். 'வாட்டெவர்' என்று தனியாகச் சொன்னால் "எதுவானாலும் சரி" என்று அர்த்தமில்லை, "நீ என்ன வேணா சொல்லிட்டுப் போ, எனக்கென்ன" என்று அர்த்தமாம். அகராதியில் பார்த்தால் முதல் அர்த்தம் நான் நினைத்ததுதான். நான் அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டது அகராதியிலிருந்து இல்லை, 1995-ல் வந்த 'க்ளூலெஸ்' படத்திலிருந்து. அதில் பெண்கள் இரண்டு கை விரல்களையும் சேர்த்து 'டபிள்யூ' மாதிரி காட்டி அதைச் சொல்வார்கள். நான் விரலைக் காட்டவில்லை, அந்த மட்டும் தப்பித்தேன்.

நாங்கள் இந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தது என் ரூம்மேட்டால். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். முதல் வருடம் ஒரு செமினாரில் 'டிடர்மின்' என்று சொல்ல வேண்டிய வார்த்தையை எழுத்தைப் பார்த்தபடி 'டிடர்மைன்' என்று படித்தான். கிளாஸே சிரித்தது (நானும்தான், மறைக்க விரும்பவில்லை). அன்றிலிருந்து அவன் கிளாஸில் இங்கிலீஷில் வாயைத் திறக்கவே இல்லை. சீனியர் ஒருவர் "படம் பாருடா, தானா வரும்" என்றார். ஆக்‌ஷன் படத்தில் வெடிதான் அதிகம், பேச்சு இல்லை. ராஜா ராணி படத்தில் பேசுகிற இங்கிலீஷ் கேன்டீனில் உதவாது. நம் வயசுப் பசங்க, கிளாஸ், பரிட்சை, நட்பு, சண்டை என்று அன்றாடப் பேச்சு இருப்பது ஸ்கூல் படங்களில்தான் என்று முடிவு செய்து, ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம்.

வைவாவுக்குப் பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. இந்தப் படங்களில் பேசுவது யாருடைய இங்கிலீஷ்? எங்கிருந்து வந்தது? தேடிப் படித்ததில் கிடைத்தது என் வைவா மார்க்கை விட நன்றாகவே இருந்தது.

முதலில், இப்படி ஒரு படவகை இருப்பதே புதுசுதான். 1910-ல் அமெரிக்காவில் 14 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் ஹைஸ்கூலில் இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் வயலிலும் ஆலையிலும் பெரியவர்களோடு வேலை செய்தார்கள், பெரியவர்களைப் போலவே பேசினார்கள். 1930-களில் பெரும் பொருளாதார மந்தம், வேலை கிடையாது. 1938-ல் குழந்தைத் தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. 1940-ல் அதே வயசில் பத்துக்கு ஏழு பேர் ஹைஸ்கூலில். வரலாற்றில் முதல் முறையாக ஒரு நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கள் வயசுக்காரர்களோடு மட்டும் தினமும் ஏழு மணி நேரம் அடைத்து வைக்கப்பட்டார்கள். அப்படி அடைத்தால் தனிப் பாஷை பிறக்காதா? நம் ஹாஸ்டலையே பாருங்களேன். 'டீனேஜர்' என்ற வார்த்தை பத்திரிகைகளில் பரவியதும் அந்த 1940-களில்தான்.

ஹாலிவுட் இவர்களைக் கவனித்தது கொஞ்சம் தாமதமாக. டெலிவிஷன் வந்து குடும்பங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டன. வீட்டை விட்டு வெளியே போகத் துடித்தவர்கள் டீனேஜர்கள் மட்டும்தான், கையில் கொஞ்சம் காசும் இருந்தது. 1955-ல் 'பிளாக்போர்டு ஜங்கிள்', அதே வருடம் ஜேம்ஸ் டீன் நடித்த 'ரெபெல் வித்தவுட் எ காஸ்'. டீன் கார் விபத்தில் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் வெளியான படம். அதில் 'சிக்கன்' என்று சொல்லிவிட்டால் ஹீரோ கொதித்துப் போவான். கோழை என்று அர்த்தம். என் ரூம்மேட் நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வார்த்தை அதுதான். "மச்சான், நம்மூர்ல சிக்கன்னா சந்தோஷப்படுவோம், இவன் ஏன்டா கோவப்படுறான்?" என்றான்.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருகிறேன். கேமரூன் க்ரோ. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் சின்ன வயசிலேயே எழுதியவர். 1979-ல், 22 வயசில், சான் டியேகோவில் உள்ள க்ளேர்மாண்ட் ஹைஸ்கூலில் மாணவன் வேஷத்தில் போய்ச் சேர்ந்தார். பிரின்ஸிபாலுக்குத் தெரியும், கூடப் படித்தவர்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் கிளாஸில் உட்கார்ந்து, பசங்களோடு சுற்றி, அவர்கள் பேசுவதையெல்லாம் மனசில் வாங்கி, 1981-ல் 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மாண்ட் ஹை' என்ற புத்தகமாகப் போட்டார். மறு வருடமே படமானது. திரைக்கதையும் அவரே. இயக்கியவர் ஏமி ஹெக்கர்லிங், அவருக்கு அதுதான் முதல் படம். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

அந்தப் படத்தில் ஷான் பென் நடித்த ஸ்பிக்கோலி என்ற பாத்திரம் கடலலையில் சறுக்குகிறவன். வரலாற்று வகுப்புக்கு பீட்ஸா வரவழைப்பான்! வாத்தியார் அசராமல் அதை வாங்கி மற்ற மாணவர்களுக்குப் பங்கு போட்டுவிடுவார். அவன் வாயில் வருவதெல்லாம் 'ட்யூட்', 'ஆஸம்', 'போகஸ்', 'நார்லி'. இந்த நான்கையும் தோண்டினால் நான்கு வேறு உலகங்கள் வருகின்றன. 'ட்யூட்' என்பது 1883 வாக்கில் நியூயார்க்கில் அளவுக்கு மீறி அலங்காரம் செய்துகொண்டு திரிந்த மைனர்களைக் கிண்டல் செய்யப் பரவிய வார்த்தை. 'போகஸ்' 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கள்ளக்காசு அடிப்பவர்களைச் சுற்றிப் புழங்கிய வார்த்தை. 'நார்லி' முண்டும் முடிச்சுமாக உள்ள மரத்தைச் சொல்வது. கரடுமுரடான, ஆபத்தான அலையை அப்படிச் சொல்ல ஆரம்பித்தார்கள் சர்ஃபிங்காரர்கள். 'ஆஸம்' கடவுள் முன்னால் நின்று நடுங்குகிற பக்தியிலிருந்து வந்தது, இப்போது நல்ல பீட்ஸாவுக்கும் அதுதான்.

மைனர், கள்ளக்காசு, மரம், பக்தி. எல்லாம் ஒரு கலிஃபோர்னியாப் பையன் வாயில் வந்து சேர்ந்து, அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரின் குறிப்பில் ஏறி, தியேட்டருக்குப் போய், எங்கள் ஹாஸ்டல் நோட்டில் இறங்கியிருக்கிறது.

அதே 1982-ல் இன்னொரு கூத்து. இசைக்கலைஞர் ஃப்ராங்க் ஸப்பாவும் அவருடைய 14 வயசு மகள் மூனும் சேர்ந்து 'வேலி கேர்ள்' என்ற பாட்டை வெளியிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குப் பெண்கள் பேசுவதை அந்தப் பெண் அப்படியே பேசிக் காட்டினாள். நோக்கம் கிண்டல். நடந்தது என்னவென்றால், நாடு முழுக்க உள்ள பெண்கள் அதைக் கேட்டு அப்படியே பேசக் கற்றுக்கொண்டார்கள். மறு வருடம் அதே பெயரில் படம் வந்தது. தடுக்க ஸப்பா கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தார், நடக்கவில்லை.

நாம் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை 'லைக்' போடுவதை மேடம் திட்டுகிறார்களே, அதற்கும் இந்தக் காலத்தோடு தொடர்பு உண்டு. "அவள் சொன்னாள்" என்பதற்குப் பதில் 'ஷி வாஸ் லைக்' என்று பேச ஆரம்பித்திருப்பதை ரொனால்டு பட்டர்ஸ் என்ற மொழியியலாளர் பத்திரிகையில் பதிவு செய்தது 1982-ல்தான். நம் தமிழில் "அவன் வந்து... அது வந்து..." என்று இழுப்பதை யாராவது பதிவு செய்திருக்கிறார்களா தெரியவில்லை, செய்ய வேண்டும்.

1985-ல் ஜான் ஹ்யூஸின் 'பிரேக்ஃபாஸ்ட் க்ளப்'. சனிக்கிழமை தண்டனையாக ஐந்து பேர் ஸ்கூல் லைப்ரரியில். கிட்டத்தட்ட முழுப் படமும் பேச்சுதான், அதனால் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தோதான படம். 'டிடென்ஷன்', 'க்ரவுண்டட்' எல்லாம் இந்த மாதிரிப் படங்களில்தான் புரியும். 'க்ரவுண்டட்' என்பது விமானியைப் பறக்க விடாமல் தரையில் நிறுத்தி வைப்பது. அதை அப்பா அம்மாக்கள் எடுத்துக்கொண்டு, வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்ற தண்டனைக்கு வைத்துவிட்டார்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். 1989-ல் அமெரிக்காவில் வெளியான 'ஹெதர்ஸ்'. எழுதியவர் டேனியல் வாட்டர்ஸ், எழுதும்போது வீடியோ கடையில் வேலை பார்த்தவர். அவர் க்ரோவுக்கு நேர் எதிர். உண்மையில் பசங்க பேசுவதை எழுதினால் படம் வெளிவருவதற்குள் பழசாகிவிடும் என்று நினைத்து, தானே சொந்தமாகப் பேச்சுவழக்கை இட்டுக்கட்டினார். அதாவது அந்தப் படத்தில் உள்ள ஸ்டைலான பேச்சில் பலதை அதுவரை எந்த ஸ்கூலிலும் எவரும் பேசியது கிடையாது! என் ரூம்மேட் இரண்டு பக்கம் எழுதியிருந்தான், பாவம். சொன்னபோது பேனாவைத் தூக்கி என் மேல் எறிந்தான்.

இனி ஹெக்கர்லிங். பதிமூன்று வருடம் கழித்து, 1995-ல், அவரே எழுதி இயக்கிய படம்தான் 'க்ளூலெஸ்'. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலை பெவர்லி ஹில்ஸ் ஸ்கூலுக்குக் கொண்டுபோனார். அவர் பிறந்தது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, அப்போது வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. பணக்காரக் கலிஃபோர்னியாப் பெண்களின் பேச்சு அவருக்கும் அந்நிய பாஷைதான். என்ன செய்தார்? பெவர்லி ஹில்ஸ் ஹைஸ்கூலுக்குப் போய் வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டார். பிள்ளைகள் பேசுவதைக் கவனித்து, கிடைத்ததில் பிடித்ததை எடுத்து, மீதியை இட்டு நிரப்பினார்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. நாங்கள் ஹாஸ்டலில் நோட்டோடு உட்கார்ந்து செய்ததை அந்த அம்மா கிளாஸில் உட்கார்ந்து செய்திருக்கிறார். நாங்கள் "அசல் அமெரிக்க இங்கிலீஷ்" என்று நினைத்து எழுதிக்கொண்டது, தனக்குப் பழக்கமில்லாத பேச்சை வெளியாளாக இருந்து கேட்டு எழுதிய இன்னொருவரின் குறிப்பு! இங்கிலீஷே தாய்மொழியாக உள்ளவர்களுக்கே அப்படித்தான் என்றால், டிடர்மைன் என்று சொன்னவனைப் பார்த்து நாங்கள் சிரித்தது எந்த தைரியத்தில்?

சேர்த்துக்கொண்ட வார்த்தைகளின் வயசு இன்னும் வேடிக்கை. 'க்ளூலெஸ்' பிரபலப்படுத்திய 'ஆஸ் இஃப்' ("அட போடா" மாதிரி) ஃப்ராங்க் நாரிஸ் எழுதி 1903-ல் வந்த 'தி பிட்' நாவலிலேயே இருக்கிறது. தப்பு என்னுடையது என்று சொல்ல 'மை பேட்' என்பார்கள். அது தெருவில் பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களின் பேச்சு, 1986-லேயே அச்சில் வந்துவிட்டது. ரூம்மேட்டுக்கு இதில் ஒரு இலக்கணச் சந்தேகம். "மை வந்தா அடுத்து பெயர்ச்சொல்தானேடா வரணும்? பேட் உரிச்சொல்லாச்சே. மை பேட் என்ன? மை பேட் லக்கா?" என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்த வார்த்தை இன்றைக்கும் ஓடுகிறது. அதே படத்தில் அழகான பையனை 'பால்ட்வின்' என்பார்கள், நடிகர்களான பால்ட்வின் சகோதரர்களை வைத்து. இன்றைக்கு அதைச் சொன்னால் எந்த அமெரிக்கப் பெண்ணும் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒரே படம், ஒரே வருடம்: ஒன்று ஓடுகிறது, ஒன்று செத்துவிட்டது. எது பிழைக்கும் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வார்த்தையைக் கற்றுக்கொள்வதையே காட்டுகிற காட்சிகளும் இந்தப் படங்களில் உண்டு. 1999-ன் '10 திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ'வில் ஒரு பெண் சந்தேகம் கேட்பாள்: 'ஓவர்வெல்ம்' இருக்கிறது, 'அண்டர்வெல்ம்' இருக்கிறது, வெறும் 'வெல்ம்' இருக்க முடியாதா? ஐரோப்பாவில் இருக்கலாம் என்பாள் தோழி. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு பார்த்தால் 'வெல்ம்' என்பது கவிழ்ப்பது, மூழ்கடிப்பது என்ற அர்த்தத்தில் உண்மையான பழைய வார்த்தை.

2004-ல் 'மீன் கேர்ள்ஸ்'. டினா ஃபே எழுதியது, ரோஸலிண்ட் வைஸ்மன் டீனேஜ் பெண்களைப் பற்றி 2002-ல் வெளியிட்ட புத்தகத்தை வைத்து. கதாநாயகி ஆப்பிரிக்காவில் வளர்ந்து, வீட்டிலேயே படித்து, முதல் முறையாக அமெரிக்க ஸ்கூலுக்கு வருகிறாள். இங்கிலீஷ் தெரியும், ஸ்கூல் பாஷை தெரியாது. கேன்டீனில் எந்த மேஜையில் யார் என்று அவளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பார்கள். புதுசாக வந்த நமக்கும் சேர்த்துத்தான் அந்த வரைபடம். அந்தப் படத்தில் ஒருத்தி 'ஃபெட்ச்' என்ற வார்த்தையைப் புது ஸ்டைலாக்க முயற்சி செய்துகொண்டே இருப்பாள். கூட்டத் தலைவி கடைசியில், அதைப் பரப்பப் பார்க்காதே, அது நடக்காது என்று வெட்டிவிடுவாள். இதில் என்ன விசேஷம் என்றால், இந்தப் படத்தை இயக்கிய மார்க் வாட்டர்ஸ் 'ஹெதர்ஸ்' எழுதிய டேனியல் வாட்டர்ஸின் தம்பி. அண்ணன் பேச்சை இட்டுக்கட்டிப் படம் எழுதினார், தம்பி இட்டுக்கட்டுகிறவளைக் கேலி செய்து படம் எடுத்தார். வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ!

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் தப்பு. இந்தப் படங்களை எங்களால் பின்தொடர முடிந்ததே கீழே ஓடிய இங்கிலீஷ் சப்டைட்டிலால்தான். ஸ்பிக்கோலி பேசுவதெல்லாம் காதில் வெறும் கொழகொழப்பு. வசனத்தை அதே மொழியிலேயே எழுத்தில் காட்டும் வசதி முதலில் நம்மைப் போன்றவர்களுக்காக வந்ததில்லை, காது கேளாதவர்களுக்காக வந்தது. அமெரிக்க டெலிவிஷனில் 1980 மார்ச்சில் தொடங்கியபோது தனிப் பெட்டி வாங்கிப் பொருத்த வேண்டும். 1990-ல் சட்டம் போட்டு, 1993 முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லா டிவியிலும் உள்ளேயே வைக்கச் செய்தார்கள். அவர்களுடைய போராட்டத்தின் பலனை நாம் ஓசியில் அனுபவிக்கிறோம்.

அதுவும் தாய்மொழி சப்டைட்டில் வேண்டாம், இங்கிலீஷுக்கு இங்கிலீஷே போடுங்கள். 2009-ல் மிட்டரர், மெக்குவீன் என்ற இருவர் நெதர்லாந்துக்காரர்களை வைத்துச் சோதித்தார்கள். பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய இங்கிலீஷை இங்கிலீஷ் எழுத்தோடு பார்த்தவர்களுக்குக் காது பழகியது. டச்சு எழுத்தோடு பார்த்தவர்களுக்கு, புதிதாக வேறு வசனங்களைக் கேட்டபோது, எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களை விட மோசமாகப் போனது.

ஆனால் சப்டைட்டில் தொனியைச் சொல்லாது. 'வாட்டெவர்' என்று எழுத்தில் வரும், அதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று வராது. தமிழில் நீ, நீங்க என்று வார்த்தையிலேயே மரியாதை தெரிந்துவிடும். இங்கிலீஷில் எல்லாருக்கும் 'யூ'தானே, மரியாதை பார்க்காத மொழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாதை அங்கே வேறெங்கோ ஒளிந்திருக்கிறது. ஸ்கூல் படங்களில் வாத்தியாரிடம் ஹீரோ பேசுகிற மாதிரி பேசினால் அங்கேயும் டிடென்ஷன்தான், அதைத்தானே படமே காட்டுகிறது! நான் அதைக் கவனிக்கவில்லை.

'க்ளூலெஸ்'ஸில் இன்னும் இரண்டு காட்சிகள். ஒன்று, கதாநாயகி கிளாஸில் எழுந்து ஹெய்ட்டி நாட்டு அகதிகளைப் பற்றிப் பேசுவாள். 'ஹேஷன்ஸ்' என்று சொல்ல வேண்டியதை 'ஹெய்ட்டியன்ஸ்' என்று எழுத்துக்கூட்டிச் சொல்வாள். அது திரைக்கதையில் இல்லை. நடிகை அலிசியா சில்வர்ஸ்டோனுக்கே சரியான உச்சரிப்பு தெரியவில்லை. படப்பிடிப்பில் திருத்த வந்தவர்களை ஹெக்கர்லிங் தடுத்து, அப்படியே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். இதை ரூம்மேட்டிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அந்தக் காட்சியை மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்தான்.

இன்னொன்று, புதுசாக வந்த டாய் என்ற பெண்ணுக்கு அவள் வார்த்தை கற்றுக்கொடுப்பாள். 'ஸ்போராடிக்' என்றால் எப்போதாவது, விட்டு விட்டு நடப்பது. இன்றைக்குள் அதை ஒரு வாக்கியத்தில் பயன்படுத்து என்பாள். டாயும் பயன்படுத்துவாள், கொஞ்சம் இடறிக்கொண்டு.

போன வாரம் ஹாஸ்டல் மூன்றாவது மாடியில் தண்ணீர்ப் பிரச்சினை. வார்டன் வந்து நின்றார், வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து என் ரூம்மேட் முன்னால் வந்தான். தண்ணீர் ஒரேயடியாக வராமல் இல்லை சார், 'ஸ்போராடிக்கலி' வருகிறது என்று இங்கிலீஷில் சொன்னான். 'டி'யில் கொஞ்சம் அழுத்தம் அதிகம். யாரும் சிரிக்கவில்லை. வார்டன் தலையாட்டிவிட்டு மோட்டார் ரூம் பக்கம் போனார். இவன் என் பக்கம் திரும்பி மெதுவாக, "ஹெதர்ஸ்ல இருந்த மாதிரி இதுவும் டுபாக்கூர் வார்த்தை இல்லையேடா?" என்றான்.